அவதூறு பரப்பியவர் மன்னிப்புக் கேட்டால் எப்படிக் கேட்க வேண்டும்? என் அனுபவம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் நான் பொருளாளர். ஒரு கோடையில் போர் மோட்டார் காயில் எரிந்துபோனது. ரீவைண்டிங், லாரித் தண்ணீர் என்று அந்த மாதச் செலவு எகிறிவிட்டது. உடனே சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "சங்கப் பணத்தில்தான் பொருளாளர் வீட்டுக்கு ஏசி வந்திருக்கிறது" என்று போட்டார். பில், வவுச்சர் எல்லாம் ஃபைலில் இருந்தன. யார் வந்து பார்த்தார்கள்? லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடும். என் மாமியார் கீழே பிள்ளையார் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

காவல் நிலையத்தில் சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் கொடுத்தார்கள். அவதூறுக்கு எஃப்ஐஆர் கிடையாது, பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 356-ஆம் பிரிவு. 2 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் வரவில்லை, புகார் கொடுத்தோம். சம்மன் போனதும் சமாதானத்துக்கு ஆள் வந்தது.

முதலில் வந்த கடிதம் இது: "என் பதிவால் யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." என் மனம் புண்பட்டதா என்பதா இங்கே பிரச்சினை? நான் திருடினேனா இல்லையா என்பதுதான். திருப்பி அனுப்பிவிட்டோம். கடைசியில் ஒப்புக்கொண்ட வாசகம்: "சங்கப் பணத்தில் ஏசி வாங்கியதாக நான் எழுதியது பொய். கணக்கைப் பார்க்காமல் எழுதினேன். கணக்கு சரியாக இருக்கிறது. பொருளாளரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." அதே குழுவில், அவர் எண்ணிலிருந்தே போட வேண்டும், அழிக்கக் கூடாது. பொதுக்குழுவில் வாசித்து மினிட்ஸில் ஏற்ற வேண்டும். வக்கீல் செலவும் அவருடையது.

இதில் ஒன்றை எல்லோரும் கவனியுங்கள். புகார் கொடுத்தவர் சமரசம் செய்துகொண்டால் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானதாகவே அர்த்தம், அதே விஷயத்துக்கு மறுபடி புகார் கொடுக்க முடியாது. அதனால் மன்னிப்பு குழுவில் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

பதில், சேலத்திலிருந்து:

அக்கா, எங்கள் அண்ணன் லஞ்சம் வாங்கி வேலை போனவன் என்று ஒரு சொந்தக்காரர் பெண் வீட்டாரிடம் சொல்லி, நிச்சயம் வரை வந்த சம்பந்தம் முறிந்துவிட்டது. அப்புறம் அவரே பழத்தட்டோடு வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா பெரிய மனசோடு சரி என்றுவிட்டார். பெண் வீட்டாருக்கு மட்டும் இன்றுவரை எதுவும் தெரியாது. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதே, இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

தம்பி, நான் வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு ஓராண்டுதான், அது போய்விட்டது. குற்றப் புகாருக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் புகார் உங்கள் அண்ணன் பெயரில் போக வேண்டும், அப்பா பெயரில் இல்லை. பேச்சாகச் சொன்னது என்பதால், காதால் கேட்டவர் சாட்சி சொல்லத் தயாரா என்று முதலில் விசாரியுங்கள். எழுத்தில் இருந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழும் வேண்டும்.

தீர்ப்பு வரை போகாமலும் முடியலாம். 2018-ல் அப்போதைய டெல்லி முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவால், தன்மீது அவதூறு வழக்குப் போட்டிருந்த பஞ்சாப் அகாலி தளத் தலைவர் மஜீதியாவுக்கும் மத்திய அமைச்சர் கட்கரிக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதித்தான் வழக்குகளை முடித்துக்கொண்டார். நீங்களும் நோட்டீஸ் அனுப்புங்கள். பெண் வீட்டாருக்கு அவர் கைப்பட எழுதி, நகலை உங்களுக்குத் தர வேண்டும் என்று அதில் கேளுங்கள்.