புதுப்பிப்பு: கோல்டுவிங்கை இருவராக ஓட்டிப் பார்த்தாச்சு

ஹோண்டா கோல்டுவிங் டூர் என்ற நெடும்பயண பைக்கை வாங்கும் முன் தனியாக ஓட்டிப் பார்த்தால் போதுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். "பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிப் போங்கள்" என்றீர்கள். நேற்று மனைவியோடு போய் வந்தேன். நல்லவேளை!

1833 சிசி, ஆறு சிலிண்டர் எஞ்சின்; வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, வேறென்ன சொல்ல. பழைய பைக்கில் கியர் மாற்றும்போதெல்லாம் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கும். இதில் கியர் தானாகவே மாறுகிறது, ஒருமுறைகூட இடிக்கவில்லை.

ஒரு தப்பு நான்தான் செய்தேன். பின் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) ஒருவர் எடைக்கான 'ஒருவர்' நிலையிலேயே இருந்ததைக் கவனிக்கவில்லை. வேகத்தடையில் பின்பக்கம் அமுங்கி எழுந்தது. "இதுக்கா இவ்வளவு பில்டப்?" என்றாள். நிறுத்தி, பொத்தானில் 'இருவர்' என்று மாற்றினேன். திரும்பி வரும்போது அதே வேகத்தடையில் சத்தமே இல்லை.

எடை 380 கிலோவுக்கு மேல். ஓடும்போது தெரியவில்லை, சரிவான பார்க்கிங்கில் நன்றாகவே தெரிந்தது. ரிவர்ஸ் வசதி மட்டும் இல்லையென்றால் அவளை இறக்கித் தள்ளச் சொல்லியிருப்பேன். அவளோ இறங்கவே மாட்டேன் என்கிறாள், முதுகுச்சாய்வு அப்படி!

இன்னும் புக் செய்யவில்லை. அடுத்து, பெட்டிகளில் சாமான் ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறேன்.