கிரேடர் பழக மிஷின் கிடைக்குமா?

அண்ணாச்சிமாரே, ராதாபுரம் பக்கம் ஜேசிபி ஓட்டுற மூணு பையங்க, ரோட்டை மட்டம் பண்ற கிரேடர் வண்டி பழகணும்னு நிக்காங்க. வேலை இல்லாத நாள்ல, காலி இடத்துல, கூட நின்னு திருத்துற ஆபரேட்டரோட மிஷின் கிடைக்குமா? வாடகை, டீசல் தந்துரலாம்.

ஜேசிபி கை இதுல கெடுதல்தான், அவசரப்படும். மணிக்கு சுமார் 8 கிலோமீட்டருக்கு மேல விரட்டினா வண்டி குதிக்கும். வண்டி நடுவுல மண்ணு சீவுற பிளேடும் சேர்ந்து குதிச்சு சரள் மேல அலை அலையா வரி விழும். அடுத்த நடையில சக்கரம் அந்த வரியில ஏறி இன்னும் குதிக்கும். மேலாக்கச் சீவினா போகாது. வரியோட அடிப்பள்ளம் வரை வெட்டி, திரும்பப் பரத்தணும்.

பிளேடு ஓரம் ஒதுங்குற மண்ணு பின்சக்கரத்துக்கு வெளிய விழணும். அது மேல சக்கரம் ஏறினா மட்டம் போச்சு. மண்ணு ஒதுங்குற பக்கமா முன்சக்கரத்தைச் சாய்ச்சு வச்சாத்தான் வண்டி நேராப் போகும்.

பாதுகாப்புல விட்டுக்கொடுக்காத ஆளா இருக்கணும். வண்டி நடுவுல மடியுற இடத்துல யாரும் நிக்கக் கூடாது, கிரீஸ் அடிக்கையில வண்டி மடியாம இருக்க லாக் பின் போட்டே ஆகணும். ரிவர்ஸுக்குச் சிக்னல் காட்டுற ஆள் கண்ணாடியில தெரியுற மாதிரி ஓரமா நிக்கணும், நேர் பின்னால இல்ல. இறங்குமுன்ன பிளேடு தரையில உக்காரணும்.

ஒரு சந்தேகம்: புதுசாப் பழகுறவனுக்கு லீவர் வண்டி நல்லதா, ஜாய்ஸ்டிக் வண்டியா?