எலும்புச் சாற்றில் மொச்சை வேக மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

ஆச்சிமார்களே, அண்ணன்மாரே, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விருந்தில் மிஞ்சிய ஆட்டுக்கால் எலும்பும் கொஞ்சம் கறியும் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. அதோடு காய்ந்த மொச்சை போட்டு, ராத்திரி ஒரு வேளைச் சாப்பாடாகவே நிற்கிற மாதிரி கெட்டியான சூப் வைக்க வேண்டும். அப்பாவுக்குப் பல் இல்லை, அதனால் மொச்சை மெத்தென்று வெந்தே ஆக வேண்டும்.

சாறு அருமையாக வருகிறது. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், துளி கல்பாசி, அவ்வளவுதான். மொச்சைதான் தொல்லை: தோல் சுருங்கி, நடுவில் மாவு மாதிரி நறநறவென்று நிற்கிறது.

மொச்சை சந்தையில் வாங்கியது, எந்த வருஷத்துச் சரக்கு என்று தெரியாது. ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். ஐந்து லிட்டர் குக்கரில் எட்டு விசில் விட்டேன், பிறகு பன்னிரண்டு. உப்பையும் தக்காளியையும் கடைசியில்தான் சேர்த்தேன், ஏனென்றால் புளிப்பு முன்னால் போனால் பயறு வேகாது. எங்கள் போர் தண்ணீர் கடினமானது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதனால் கேன் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை, ஆனால் போதவில்லை. சமையல் சோடா சிட்டிகை போட்டால் வெந்துவிடுகிறது, சாற்றில் சோப்பு வாடை அடிக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

இன்னும் இரண்டு கிலோ மொச்சை கையில் இருக்கிறது. சோடா இல்லாமல், சாற்றின் ருசி கெடாமல், இதை அப்பா நாக்காலேயே மசித்துச் சாப்பிடும் பதத்துக்கு வேகவைக்க என்ன செய்ய வேண்டும்?