19 நாள் பிராய்லர் குஞ்சு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு விழுகிறது: வைட்டமின் ஈ, செலினியம் எவ்வளவு கொடுக்கலாம்?

பல்லடம் சொந்தத் தீவனம்:
வணக்கம். 2,000 பிராய்லர் வளர்க்கிறேன். கம்பெனி ஒப்பந்தம் கிடையாது, தீவனம் நானே அரைக்கிறேன். மக்காச்சோளம், சோயாப் பிண்ணாக்கு, அரிசித் தவிடு, எண்ணெய், பிரீமிக்ஸ் (வைட்டமின், மினரல் கலவை). இப்போ 19 நாள் ஆகுது. நேத்திலிருந்து சில குஞ்சுங்க நடக்கும்போதே சாயுது. தலை முதுகுப் பக்கம் இழுக்குது, ரெண்டு காலையும் நீட்டி உதறுது, கால்விரல் மடங்கிக்குது. தீவனத்தை வாய்க்கு எட்டுற மாதிரி வச்சா தின்னுது. கழிச்சல் இல்லை. மதியம் எல்லாக் கோழியும் வாயைத் திறந்து இரைக்குது, வெயில் அப்படி. மருந்துக்கடையில் "ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்"னு சொல்லி ஈ–செலினியம் திரவம், வைட்டமின் சி, பீட்டெய்ன், லிவர் டானிக் நாலையும் ஒண்ணா தண்ணியில கலக்கச் சொல்றாங்க. எது வேணும், எது வேண்டாம்? சொல்லுங்க.

உடுமலை பண்ணை:
அண்ணா, கழுத்து திரும்புதுன்னா எனக்கு முதல்ல வர்ற பயம் வெள்ளைக் கழிச்சல்தான், ராணிக்கெட்னு சொல்றோமே அது. அதுக்கான லசோட்டா தடுப்பூசி மருந்து போட்டீங்களா? நாலையும் ஊத்துறதுக்கு முன்னாடி ரெண்டு குஞ்சைப் பெட்டியில் வச்சு நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு எடுத்துட்டுப் போங்க. அந்தப் பெட்டி திரும்பப் பண்ணைக்குள்ள வரக்கூடாது.

கோழி மருத்துவர்:
உடுமலைக்காரர் சொன்னது சரி, ராணிக்கெட் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். ஆனால் கழிச்சல் இல்லை, தீவனம் எட்டினால் தின்கிறது, வயது மூன்றாவது வாரம், தீவனம் சொந்தமாக அரைத்தது என்றால் எனக்கு வேறொரு சந்தேகமும் வருகிறது. மூன்று விஷயம் சொல்லுங்கள்: எண்ணெய் என்ன, எங்கே வைத்திருக்கிறீர்கள்? தவிடு எண்ணெய் எடுத்ததா, பச்சைத் தவிடா? பிரீமிக்ஸை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

பல்லடம் சொந்தத் தீவனம்:
லசோட்டா 7ஆம் நாள் கண்ணில் போட்டாச்சுங்க டாக்டர். எண்ணெய் ஒரு வியாபாரிகிட்ட பேரல்ல வாங்குன தவிட்டு எண்ணெய். தகரக் கொட்டகையில பாதி பேரல் திறந்தே இருக்கு. மோந்து பார்த்தா சிக்கு வாடை அடிக்குது. தவிடு ரைஸ் மில்லில இருந்து வந்த பச்சைத் தவிடு, மூட்டையிலேயே இருக்கு. வைட்டமின், கோலின், மினரல் எல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே சாக்குல வச்சிருக்கேன்.

கோழி மருத்துவர்:
அப்படியானால் எண்ணெயையும் தவிட்டையும் இன்றே நிறுத்துங்கள். நெல்லைத் தீட்டிய உடனேயே தவிட்டில் உள்ள லைப்பேஸ் நொதி கொழுப்பை உடைக்கத் தொடங்கிவிடும். எண்ணெய்க்குச் சூடும் காற்றும் சேர்ந்தால் பெராக்சைடு, அதாவது கொழுப்பு கெடும்போது உருவாகும் பொருள், ஏறும். அந்தப் பெராக்சைடு தீவனத்தில் இருக்கும் வைட்டமின் ஈயைக் குஞ்சு தின்பதற்கு முன்பே அழித்துவிடும். உள்ளே போன பிறகும் சிறுமூளைச் செல்களின் கொழுப்புச் சவ்வைத் தாக்கும். காப்பாற்ற வேண்டிய வைட்டமின் அங்கே இருக்காது. நீங்கள் சொன்ன அத்தனை அறிகுறியும் வைட்டமின் ஈ குறைவால் வரும் இந்தச் சிறுமூளைப் பாதிப்புக்குப் பொருந்துகிறது. கோலின் குளோரைடு ஈரத்தை இழுக்கும், அதோடு தாமிரமும் இரும்பும் சேர்ந்து கிடந்தால் வைட்டமின் இன்னும் வேகமாகக் கெடும். அதனால் வைட்டமின் பிரீமிக்ஸைத் தனியாக, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

மருந்துக்கு வருகிறேன். ஈ–செலினியம் திரவம் கொடுக்கலாம், லேபிளில் உள்ள அளவுக்கு ஒரு சொட்டுகூட மேலே போகாதீர்கள். உடலில் பெராக்சைடை உடைக்கும் குளூட்டதயோன் பெராக்சிடேஸ் நொதி வேலை செய்யச் செலினியம் வேண்டும், ஆனால் கிலோ தீவனத்துக்கு 0.15 மில்லிகிராம்தான் தேவை. உங்கள் மினரலில் அது ஏற்கெனவே இருக்கும். தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே இடைவெளி குறைவு. வைட்டமின் ஈயை வெயில் காலத்தில் கிலோவுக்கு 200–250 மில்லிகிராம் வரை கொடுத்த ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் அதைச் சிக்கு எண்ணெயோடு கலந்தால் பணம்தான் போகும். லிவர் டானிக் இப்போது வேண்டாம்.

ஏற்கெனவே விழுந்த குஞ்சுகள் எல்லாம் எழும் என்று சொல்ல முடியாது. சிறுமூளை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அவற்றைத் தனியாக எடுத்து, தண்ணீரை அலகுக்கு எட்டும்படி வையுங்கள். மிதிபட விடாதீர்கள்.

உடுமலை பண்ணை:
வைட்டமின் சி பத்தி ஒண்ணு, நிறைய பேர் வீணாக்குறாங்க. கோழி அதைச் சிறுநீரகத்துல தானே தயாரிச்சுக்கும், கடும் வெயில்ல மட்டும் அது பத்தாது. அதனால கொடுக்கலாம். ஆனா குளோரின் போட்ட டேங்க்ல கொட்டினா சிதைஞ்சிடும். இரும்பு அதிகமான போர் தண்ணியிலும் நிக்காது. பிளாஸ்டிக் கேன்ல அப்பப்போ கலக்கி ரெண்டு மூணு மணி நேரத்துல குடிச்சு முடியுற மாதிரி கொடுங்க. அதைவிட முக்கியம், காலை 10 மணிக்குத் தீவனத் தட்டைத் தூக்கிடுங்க, சாயங்காலம் 5 மணிக்கு இறக்குங்க. தின்ன தீவனம் செரிக்கிறப்ப வர்ற சூடும் சேர்ந்துதான் மதியத்துல கோழியைக் கொல்லுது.

கோழி மருத்துவர்:
சரியாகச் சொன்னீர்கள். இரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடும். அதற்கு எலக்ட்ரோலைட் (தாது உப்புக் கலவை) வேண்டும், டானிக் அல்ல. பீட்டெய்ன் செல்லில் நீரைப் பிடித்து வைக்க உதவும், அடுத்த பேட்ச்சுக்கு யோசிக்கலாம்.

பல்லடம் சொந்தத் தீவனம்:
நாமக்கல்லில் அறுத்துப் பார்த்தாங்க. சிறுமூளை வீங்கி, மேலே ரத்தப் புள்ளியாம். ராணிக்கெட் அறிகுறி உள்ளுறுப்பில் இல்லைன்னு சொன்னாங்க. தீவனத்தை மாத்திட்டேன், ஈ–செலினியம் லேபிள் அளவுல ஓடுது. புதுசா விழுறது இன்னைக்குக் குறைஞ்சிருக்கு. ஒரே ஒரு கேள்விங்க டாக்டர், மீதி அரை பேரல் எண்ணெயில ஆன்டிஆக்சிடன்ட் கலந்து ஃபினிஷருக்கு (கடைசிக் கட்டத் தீவனத்துக்கு) போடலாமா?

கோழி மருத்துவர்:
வேண்டாம். ஆன்டிஆக்சிடன்ட் நல்ல எண்ணெய் கெடுவதைத் தள்ளிப்போடும், ஏறிவிட்ட பெராக்சைடை நல்ல கொழுப்பாக மாற்றாது. அந்தப் பேரலைக் கோழி, மாடு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது பெராக்சைடு அளவு பார்த்த சான்று கேளுங்கள். ஆன்டிஆக்சிடன்டை எண்ணெய் வந்த அன்றே கலந்து, சின்ன கேனில் மூடி, நிழலில் வையுங்கள். தவிடு வேண்டுமென்றால் எண்ணெய் எடுத்த தவிடாகவே வாங்குங்கள்.