ஓர் அறை கட்டுவதற்கு வரைபடம் எதற்கு? – அனுபவப் பகிர்வு

தஞ்சை மாவட்டத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அம்மாவுக்காக ஓர் அறையும் அதனோடு சேர்ந்த கழிப்பறையும் கட்டுவது என்று முடிவானபோது, "ஒரு ரூமுக்கு எதற்குத் தம்பி பிளான்? நூல் கட்டிவிட்டு அடித்தளத்துக்கு வானம் தோண்டிவிடலாம்" என்றுதான் எங்கள் மேஸ்திரி சொன்னார். முப்பது ஆண்டுகளாக வீடு கட்டுபவர்; அவருடைய கைத்திறனில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆயினும் இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாக்கர் பிடித்து நடக்கும் ஒருவருக்கான அறை என்பதால், தாளில் வரைந்து பார்க்காமல் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

வரைபடத் துறையில் எனக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கிராஃப் தாளில், ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டேன். இந்தக் கணக்கில் 9 அங்குலச் சுவர் 7.5 மில்லிமீட்டர் ஆகிறது என்பதால், சுவரை வெறும் கோடாக இழுக்காமல் அதன் கனத்தோடு வரைய முடிந்தது. அப்படி வரைந்தபோதுதான் சிறு கட்டடத்தில் சுவர் எவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்று தெரிந்தது. உள்ளளவு 11-க்கு 10 அடி என்றால் வெளியளவு 12½-க்கு 11½ அடி. அதாவது, மேஸ்திரி கூலி கணக்கிடும் ஏறத்தாழ 144 சதுர அடியில் நாம் புழங்கக் கிடைப்பது 110 சதுர அடிதான். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு சுவருக்கே போய்விடுகிறது.

நீளம் 12 அடி என்றுதான் நான் முதலில் எண்ணியிருந்தேன். மனையடி சாஸ்திரப்படி 12 ஆகாது, 11 வைக்க வேண்டும் என்று மேஸ்திரியும் அம்மாவும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். அம்மா உறங்கப் போகும் அறை அவருடைய மனத்துக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்பதால் நானும் இசைந்தேன். ஆனால் அந்த 11 அடி பூச்சுக்கு முன்னாலா, பின்னாலா என்ற கேள்வி எழுந்தது. இருபுறமும் அரை அங்குலம் பூசினால் ஓர் அங்குலம் குறையும். ஆகவே செங்கல் சுவருக்கு இடையே 11 அடி 1 அங்குலம், 10 அடி 1 அங்குலம் என்று படத்திலேயே எழுதிவிட்டோம். இதை முன்கூட்டி எழுதாமல் பூச்சு முடிந்தபின் சச்சரவு வந்த வீடுகளை மேஸ்திரியே எனக்குச் சொன்னார்.

அடுத்து, கட்டில், அலமாரி, நாற்காலி ஆகியவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டிப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பின்னாளில் சக்கர நாற்காலி தேவைப்படலாம். அது முழுதாகத் திரும்புவதற்கு 1.5 மீட்டர் விட்டம், அதாவது ஏறக்குறைய 5 அடி வேண்டும் என்பதால், 5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டத்தையும் வெட்டிக்கொண்டேன். அந்த வட்டத்தை வாசலிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து கழிப்பறைக்கும் நகர்த்தினால் ஒவ்வொரு முறையும் அலமாரியில் இடித்தது. கதவைத் திறந்தால் அது கட்டிலின் தலைமாட்டில் வந்து நின்றது. அறையைப் பெரிதாக்காமல், கதவு நிலையை ஒன்றரை அடி தள்ளி வைத்து, அலமாரியைச் சுவருக்குள் அமைத்ததிலேயே இவ்விரண்டும் தீர்ந்தன. கட்டியபின் கண்டிருந்தால் நிலையைப் பெயர்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழையை எனக்குக் காட்டியது மேலிருந்து பார்ப்பதாக வரையும் தளப்படம் அன்று, பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதாக வரையும் வெட்டுப்படம். மழைக்காலத்தில் கொல்லையில் நீர் தேங்கும் என்பதால் பேஸ்மட்டத்தை, அதாவது அறையின் தரைமட்டத்தை, ஒன்றரை அடி உயர்த்துவது என்று தீர்மானித்திருந்தோம். சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவில் இருந்தால்தான் சக்கர நாற்காலிக்குப் பாதுகாப்பு. ஒன்றரை அடி உயரத்துக்கு அது 18 அடி நீளம் ஆகிறது. எங்களிடம் இருந்த இடமோ 14 அடி. "நாலு படி வைத்து ஒரு கம்பி பிடித்துக்கொள்ளலாம்" என்று உறவினர் ஒருவர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்த நாலு படிதான் அம்மாவை வீட்டிலிருந்து பிரித்துவைக்கும். இரண்டு நாள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகே, அறையைத் தனியாகக் கட்டாமல் பழைய வீட்டின் பின்தாழ்வாரத்தோடு ஒட்டிக் கட்டினால் இரண்டு தரையும் ஒரே மட்டத்தில் அமையும், சாய்தளமே வேண்டாம் என்பது புலப்பட்டது. படத்தைப் பார்த்த பொறியாளர் இதை ஏற்றுக்கொண்டார். எங்கள் பகுதி களிமண் என்பதால் புதுச் சுவரும் பழைய சுவரும் வெவ்வேறு அளவில் அமிழும் என்றும், இரண்டையும் கோத்துக் கட்டாமல் நடுவே இணைப்பு இடைவெளி விட வேண்டும் என்றும் சொல்லி, தம் கையாலேயே அதைப் படத்தில் குறித்துக் கொடுத்தார்.

கழிப்பறைக் கதவை வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்றினோம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும். குழாய்ச் சரிவையும் வெட்டுப்படத்தில்தான் கணக்கிட்டேன். 40-க்கு 1 சரிவில் 30 அடி தொலைவிலுள்ள செப்டிக் டேங்குக்குக் குழாய் போவதற்குள் 9 அங்குலம் இறங்க வேண்டும். பழைய தொட்டியின் நுழைவாய் அதற்குப் போதிய ஆழத்தில் இருந்தது எங்கள் நல்வாய்ப்பு.

நூல் கட்டிய அன்று, மூலைகள் செங்கோணமாக இருந்தால், பூச்சுக்கான ஓர் அங்குலத்தையும் சேர்த்து, வெளிமூலைகளுக்கு இடையிலான இரண்டு மூலைவிட்டங்களும் 17 அடி 1¼ அங்குலம் வர வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒன்று சரியாக வந்தது. மற்றொன்று இரண்டு அங்குலம் கூடியது. மேஸ்திரி எதுவும் பேசாமல் முளைக்குச்சியைப் பிடுங்கி மாற்றி அடித்தார். அன்று மாலை அந்தத் தாளின் நகல் ஒன்றைத் தமக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. மாடிக்கு ஒரு வெளிப்படிக்கட்டு மட்டுமே கட்ட வேண்டியிருந்தது. படம் வரைந்து கொடுத்தவர் 7-க்கு 6 அடியில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் சில கோடுகளை இழுத்து, "படி" என்று எழுதிக் கொடுத்தார். நானும் அதைக் கேள்வி கேட்கவில்லை. வேலை தொடங்கியபின் கணக்கிட்டுப் பார்த்தால், தரையிலிருந்து மாடித் தளம் வரை 10 அடி 5 அங்குலம், அதாவது 125 அங்குலம். ஏறுபடி ஒவ்வொன்றின் உயரமும் 7 அங்குலத்துக்கு மிகாமல் இருக்க 18 ஏற்றம் வேண்டும். நடுவே திரும்பும் மேடை வைத்து இரண்டாகப் பிரித்தால், ஒரு பக்கத்துக்கு 9 ஏற்றம்; கடைசி ஏற்றம் மேடையிலேயே முடிவதால் 10 அங்குல அகலத்தில் 8 மிதிபடிகள், அதாவது 6 அடி 8 அங்குலம். மேடைக்கு 3 அடி. மொத்தம் 9 அடி 8 அங்குலம். இருந்ததோ 7 அடி. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடித்தபின் பிரிக்க மனம் வராமல் ஏற்றத்தை 9 அங்குலமாக உயர்த்தி, மிதிபடியின் அகலத்தையும் குறைத்துக் கட்டிவிட்டோம். முழங்கால் வலியுள்ள என் அத்தை மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். படி இருக்குமிடத்தில் ஒவ்வொரு படியையும் எண்ணி வரையச் சொல்லுங்கள் என்று எல்லோரையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கோவை மாவட்டத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

இரண்டு கறவை மாடுகளுக்குக் கொட்டகை போட்டபோது நானும் கிராஃப் தாளில்தான் வரைந்தேன். மாடு ஒன்று நிற்கவும் படுக்கவும் ஏறத்தாழ 4 அடி அகலமும் ஐந்தரை அடி நீளமும் வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். அதன்படி வரைந்துவிட்டு, பால் கறக்கும் என் மனைவியிடம் காட்டினேன். அவர் பார்த்தவுடன், "நான் எங்கே உட்காருவது, சாணியை எந்தப் பக்கம் தள்ளுவது?" என்று கேட்டார். இரண்டுக்கும் படத்தில் இடமில்லை. பின்புறம் மூத்திரக் கால்வாயை ஒட்டி 4 அடி நடைபாதை சேர்த்து, தரையைக் கால்வாய் பக்கம் சரித்து, இரண்டாவது படத்தை அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்தோம். இப்போது நிற்பது அந்த இரண்டாவது படத்தின் கொட்டகை.