தோள் காயத்துக்குப் பிறகு வில் வேட்டை: இழுவிசையைக் குறைத்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அறுபதைத் தாண்டிவிட்டேன். பல வருடங்களாக, கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லோடுதான் மான் வேட்டை. வலது தோள்பட்டையில் தசைநார் கிழிந்து, பிசியோதெரபி முடிந்து, மெதுவாகத் தொடங்கலாம் என்று இப்போதுதான் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

சிக்கல் இழுக்கத் தொடங்கும்போதுதான். நாண் முதல் சில அங்குலம் வரும்போது தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. முழங்கை பின்னால் போனதும் அடங்கிவிடுகிறது. முழு இழுப்பில் கப்பி திரும்பியதும் பாரம் 80 சதவீதம் குறைந்துவிடுவதால் பிடித்து நிற்பது கஷ்டமில்லை. ஆனால் குளிரில் பரணில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்துவிட்டு இழுத்தால் உயிர் போகிறது.

இழுவிசையை 60 பவுண்டிலிருந்து 45-க்கு இறக்க நினைக்கிறேன். வில்லின் வளையும் தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் என் வில்லில் 10 பவுண்டுதான் குறையும், அதனால் அந்தத் தகடுகளையே மாற்ற வேண்டும். கனமான அம்பு, விரியாத இரட்டை அலகு முனை, தூரம் 20 கெஜத்துக்குள். இதெல்லாம் முடிவு செய்துவிட்டேன். காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து ஒரு மான் சாவதை என்னால் ஏற்க முடியாது. கைக்கு நம்பிக்கை வராவிட்டால் இந்தப் பருவம் போகவே மாட்டேன்.

நாணைப் பூட்டிவைத்து விசையால் எய்யும் குறுக்குவில் கடைசி வழியாக இருக்கட்டும், நாணைக் கையால் இழுக்கத்தான் ஆசை.

45 பவுண்டில் அம்பின் மொத்த எடை எத்தனை கிரெயின் வைக்கிறீர்கள்? இழுவை சீராக ஏறும் கப்பிக்கு மாறினால் அந்தத் தொடக்க வலி குறைகிறதா? அப்புறம், யாராவது இடக்கை வில்லுக்கு மாறினீர்களா? எனக்குக் குறிபார்க்க வலது கண்தான் ஓங்கிய கண், அதுதான் யோசனை.