எல்லாவற்றுக்கும் ஐந்து போட்ட கடிதம்

சின்ன வயதில் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதினவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது என்னுடையதையும் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. என்னுடையது பேனா நண்பர் கதை இல்லை, வானொலி நிலையங்களுக்கு எழுதிய கதை.

நான் வளர்ந்தது திருகோணமலை டவுனில். 1994இல் எனக்குப் பதினொரு வயது. இருட்டிவிட்டால் யாரும் வெளியே போகாத காலம், வீட்டில் இருந்தது அப்பாவின் சிற்றலை ரேடியோ ஒன்று, அதற்கு நாலு பெரிய பற்றரி. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. அது முடிந்ததும் பற்றரி வீணாகிறது என்று அப்பா நிறுத்திவிடுவார். அதற்கு முன்னால் கிடைக்கிற அரை மணி நேரத்தில் நான் முள்ளைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். மணிலாவிலிருந்து வேரித்தாஸ், பீஜிங்கிலிருந்து சீன வானொலி, புரியாத மொழிகள், இடையில் ஆங்கிலம். நிகழ்ச்சி முடிவில் முகவரி சொல்லுவார்கள், கடிதம் எழுதுங்கள் என்பார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நம்பி ஒரு நாள் எழுதத் தொடங்கினேன்.

முதலில் பதில் வந்தது பீஜிங்கிலிருந்து. அவர்கள் 1963ஆம் ஆண்டிலிருந்தே தமிழில் ஒலிபரப்புகிறார்கள் என்பதோ, தமிழ் படித்த சீனர்களே அதில் பேசுகிறார்கள் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. நம் ஆட்கள் யாரோ அங்கே போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உறைக்குள் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய ஒரு மீன், கூடவே கையால் எழுதிய தமிழ்க் கடிதம். எழுதியவர் சீனப் பெண். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தாராம். அந்த எழுத்து என் எழுத்தைவிட அழகாக இருந்தது. அம்மம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நம் மொழியை வேறு யாராவது இவ்வளவு சிரமப்பட்டுப் படிப்பார்கள் என்று அதுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஜேர்மனிக்கு எழுதியது அதற்குப் பிறகு. காரணம் இருக்கிறது. நிலாவெளியையும் தாண்டிப் போனால் ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லவின் மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தது. கொலோனில் தயாரிக்கிற நிகழ்ச்சிகளை அங்கிருந்து ஆசிய நாடுகளுக்கு மறுபடி ஒலிபரப்புவார்கள். சின்னதில் ஒரு தடவை பஸ்ஸில் போகும்போது அந்தக் கோபுரங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து போகிற குரல் எங்கள் ஊரில் எப்படிக் கேட்கிறது என்று எழுதினால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

இப்படி எழுதுவதற்கு ஒரு முறை உண்டு, சின்போ என்பார்கள். ஒலியின் பலம், மற்ற நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், ஏறி இறங்கும் தன்மை, மொத்தத் தரம் என்று ஐந்து விஷயங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஐந்துதான் நல்லது. கூடவே அலைவரிசை, நாள், உலகப் பொது நேரத்தில் மணி, என்ன கேட்டோம் என்பது. சரியாக இருந்தால், கேட்டது உண்மைதான் என்று உறுதி சொல்லும் கியூஎஸ்எல் என்ற வண்ண அட்டை அனுப்புவார்கள். ரியூஷன் மாஸ்டர் ஒருவர் இதையெல்லாம் கொப்பியில் எழுதித் தந்தார். நான் ஐந்துக்கும் ஐந்து போட்டேன். குறைத்துப் போட்டால் கோபிப்பார்கள் என்று பயம். முகவரியை ‘மேற்கு ஜேர்மனி’ என்று எழுதினேன், அப்பாவின் அட்லஸில் இரண்டு ஜேர்மனி இருந்தது.

அந்தக் கடிதத்தில் எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு பக்கம். கோணேஸ்வரம், கோட்டைக்குள் மேயும் மான்கள், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். துறைமுகத்தையும் கப்பல்களையும் படமாகவே கீறியிருந்தேன். அப்பா வாங்கிப் படித்துவிட்டு அந்தப் படத்தை மட்டும் கிழித்து எடுத்தார். "வெளிநாட்டுக்குப் போற கடிதம் பிள்ளை, துறைமுகம் கீறக் கூடாது" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இந்தக் கடிதங்களே பிடிக்கவில்லை, வெளிநாட்டு முத்திரையோடு அடிக்கடி தபால் வந்தால் யாராவது விசாரிக்க வருவார்கள் என்று பயந்தார். அந்தப் பயம் வீண் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

ஒரு மாதத்துக்கு மேல் போனது. பதில் வந்தபோது, வண்ண அட்டையில் திருகோணமலை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அட்டையோடு தட்டச்சு செய்த ஒரு கடிதம், அதையும் மாஸ்டர்தான் வாசித்துக் காட்டினார். மேற்கு ஜேர்மனி என்று இப்போது ஒரு நாடு இல்லை, 1990 அக்டோபர் 3இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன, ஆனாலும் தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிட்டார் என்று இருந்தது. அதற்குப் பிறகு என் ஐந்து மதிப்பெண்களைப் பற்றி. உங்கள் இடத்தில் இது அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்க வாய்ப்புக் குறைவு, எங்களை மகிழ்விக்க எழுத வேண்டாம், குறை எங்கே என்று தெரிந்தால்தான் எங்களுக்குப் பயன் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளையின் கடிதத்தை உட்கார்ந்து வாசித்து, அதிலுள்ள பொய்யைக் கண்டுபிடித்து, அதை மரியாதையாகச் சொல்லவும் ஒருவர் இருந்திருக்கிறார். என் பள்ளிக் காலத்தில் அப்படி என்னிடம் பேசியவர்கள் மிகக் குறைவு.

கோபுரத்துக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் ஏன் கரகரப்பு என்று கேட்டு அடுத்த கடிதம் போட்டேன். சிற்றலை சாய்வாக மேலே போய், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி, வெகுதூரத்தில்தான் தரையிறங்கும், நீங்கள் அதன் காலடியில் இருக்கிறீர்கள், அது உங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போகிறது என்று ஒரு படம் கீறி அனுப்பியிருந்தார்கள். விஞ்ஞானப் புத்தகத்தில் அயன மண்டலம் பிறகுதான் வந்தது, அப்போது வகுப்பில் அந்தப் படத்தை நான் கரும்பலகையில் கீறினேன்.

அப்புறம் 1996. மின்சாரத் தட்டுப்பாட்டால் மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினார்கள், தமிழோசை 10.15க்குப் போய்விட்டது. நான் பழைய கணக்கில் ஐந்தரை மணியைக் கழித்தே உலக நேரம் எழுதி ஜேர்மனிக்கு அனுப்ப, அந்த நேரத்தில் அப்படியொரு நிகழ்ச்சி நடக்கவே இல்லை என்று அறிக்கை திரும்பி வந்தது. காரணத்தை எழுதினேன். அக்டோபரில் மறுபடி அரை மணி பின்னால் வந்ததையும் எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. தாங்கள் ஒவ்வொரு வருடமும் இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவதாகவும், டிசம்பரில் இருட்டில் வேலைக்கு வந்து இருட்டில் வீட்டுக்குப் போவதாகவும், பகல் எட்டு மணி நேரம்தான் என்றும் எழுதிவிட்டு, உங்கள் ஊரில் எப்போது விடிகிறது என்று கேட்டிருந்தார்கள். நான் ஒரு மாதம் காலையில் எழும்பி, கடற்கரைப் பக்கம் சூரியன் எழும் நேரத்தைக் கொப்பியில் குறித்தேன். மாதம் முழுவதும் சில நிமிடம்தான் வித்தியாசம். விடியல் எங்கும் ஒரே மாதிரி வருவதில்லை என்று அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது.

கடைசியாக அவர்கள் கேட்டது, கோபுரத்தடியில் நின்றால் எப்படிக் கேட்கும் என்று. அந்த நாட்களில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி ரேடியோவோடு அங்கே போக முடியுமா? பதில் எழுதாமலே விட்டேன், பிறகு ஓ.எல்., ஏ.எல். என்று படிப்பு வந்து எழுதுவதும் நின்றுவிட்டது.

2002இல், போர்நிறுத்தம் வந்து சில மாதம் கழித்து, அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தார். ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு நிலாவெளி றோட்டால் போனோம். கோபுரங்கள் தெரிகிற இடத்தில், றோட்டோரம் ஒரு பனையடியில் நிறுத்தி ரேடியோவைப் போட்டேன். முள்ளை எங்கே திருப்பினாலும் அதே குரல், பலம் தாங்காமல் ஒலி உடைந்து உடைந்து வந்தது. நாள், மணி, அலைவரிசை எல்லாம் அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். பலத்துக்கு ஐந்து. மொத்தத் தரத்துக்கு, கொஞ்சம் யோசித்து, மூன்று போட்டேன். திரும்பி வரும் வழியில் தபால் கந்தோர் பூட்டவில்லை, அன்றைக்கே அனுப்பிவிட்டோம்.